மசாய் தலைவர் லெனானா

ஆப்பிரிக்காக் கண்டத்தின் கிழக்கே கென்யா என்று ஒரு நாடு இருக்கிறது. அந்த நாட்டின் நடுவில், பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே, ஒரு பெரிய மலை நிற்கிறது. கீழே வெயில் கொளுத்தும். உச்சியிலோ பனி உறைந்து கிடக்கும். அந்த மலைக்கும் கென்யா என்றுதான் பெயர்.

மலையில் மூன்று பெரிய சிகரங்கள். ஒன்றின் பெயர் பாட்டியன். அடுத்தது நெலியன். மூன்றாவது லெனானா. மூன்றும் ஒரே குடும்பத்து ஆட்களின் பெயர்கள். பாட்டியன் தகப்பனார். நெலியன் அவருடன் பிறந்தவர். லெனானா மகன். 1899-ஆம் ஆண்டில் மக்கிண்டர் என்ற ஆங்கிலேயர் முதன் முதலாக அந்த மலையின் உச்சிக்கு ஏறினார். பெயர் வைத்தவர் அவரே. அப்போது லெனானா உயிரோடு இருந்தார்.

உயிரோடு இருக்கும்போதே 16,355 அடி உயரச் சிகரத்துக்குப் பெயராகும் யோகம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆனால் சிகரத்துக்குப் பெயர் கொடுத்த அந்த மனிதரின் ஜனங்கள் அதே காலத்தில் தங்கள் நிலத்தை இழந்து கொண்டிருந்தார்கள். சிங்கமும் யானையும் பார்க்க உலகத்தார் தேடிப் போகும் மசாய் மாராவும் அம்போசெலியும் அந்த ஜனங்களின் மேய்ச்சல் நிலங்கள். போன நிலம் எப்படிப் போயிற்று, மிஞ்சிய நிலம் எப்படி மிஞ்சியது என்பதுதான் லெனானாவின் கதை.

மாடே செல்வம்

லெனானா மசாய் இனத்தவர். கென்யாவின் தெற்கிலும் டான்சானியாவின் வடக்கிலும் வாழும் இனம் அது. உயரமான உடம்பு, தோளில் சிவப்புத் துணி, கையில் நீண்ட ஈட்டி. படத்தில் பார்த்தாலே மசாய் என்று தெரிந்துவிடும்.

அவர்களுக்கு மாடுதான் எல்லாம். பால் உணவு; தோல் படுக்கை; பெண்ணுக்குக் கொடுக்கும் சீரும் மாடுதான். உலகத்தில் உள்ள மாடுகளையெல்லாம் கடவுள் தங்களுக்கே கொடுத்தார் என்று நம்பினார்கள். அதனால் அடுத்தவன் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவதைக் களவு என்றே அவர்கள் நினைக்கவில்லை! பக்கத்து இனத்தார் மசாய் என்றால் நடுங்கியதற்கு அது ஒரு காரணம்.

ஆனால் இந்த வீரர்கள் காட்டு மிருகத்தைத் தின்பதில்லை. வேட்டையாடிப் பிழைப்பவனை, மாடு இல்லாத ஏழை என்று ஏளனம் செய்வார்கள். பஞ்ச காலத்தில் மட்டும் எருமையையும், மாடு போலவே இருக்கும் பெரிய மானான எலாண்டையும் தின்னலாம். வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, சிறு மான்கள் எல்லாம் மாட்டு மந்தைக்குப் பக்கத்திலேயே பயமின்றி மேயும். சிங்கத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. மாட்டை அடித்த சிங்கத்தை வாலிபர்கள் கூட்டமாகச் சூழ்ந்து ஈட்டியால் குத்திக் கொல்வார்கள். சிங்கத்தைக் குத்தியவனுக்கு ஊரே பாட்டுப் பாடும்.

இதை அவர்கள் புண்ணியம் என்று செய்யவில்லை. பிழைக்கும் வழியே அப்படி அமைந்திருந்தது. வில்டபீஸ்ட் என்று ஒரு மிருகம் உண்டு. மாட்டு முகம், குதிரை வால், லட்சக் கணக்கான கூட்டம். அது குட்டி போடும் பருவத்தில் அதே புல்லை மாடு மேய்ந்தால் மாட்டுக்கு நோய் வந்து சாகும். அதைத் தெரிந்துகொண்ட மசாய்கள் அந்தப் பருவம் வந்தால் மந்தையை ஓட்டிக்கொண்டு வேறு இடம் போவார்கள். கூட்டம் நகர்ந்த பிறகு திரும்பி வருவார்கள். மழை பெய்த இடத்துக்கு மாடும் போகும், மிருகமும் போகும். வேலி கிடையாது. வறட்சிக்கென்று சதுப்பு நிலங்களை விட்டு வைப்பார்கள். கன்றுகளுக்கென்று வீட்டுப் பக்கம் கொஞ்சம் புல்வெளியை ஒதுக்கி, அதில் பெரிய மாட்டை விட மாட்டார்கள். இதற்கெல்லாம் சட்டப் புத்தகம் எதுவும் இல்லை. பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள், சொன்னால் சொன்னதுதான்.

அண்ணனை முந்திய தம்பி

மசாய்களுக்கு ராஜா கிடையாது. ஒவ்வொரு பகுதியிலும் பெரியவர்கள் கூடி முடிவு செய்வார்கள். எல்லோருக்கும் பொதுவாக லைபான் என்று ஒருவர் இருப்பார். குறி சொல்வது, மழை வேண்டுவது, போருக்குப் போகும் வாலிபர்களுக்கு ஆசி கொடுப்பது அவர் வேலை. அவர் உத்தரவு போடுவதில்லை. ஆனால் அவர் நல்ல வாக்குக் கொடுக்காமல் யாரும் ஈட்டியைத் தூக்குவதில்லை.

லெனானாவின் தகப்பனார் பாட்டியன் பெரிய லைபான். வெள்ளை மனிதர்கள் வருவார்கள், மாடுகள் கூட்டம் கூட்டமாகச் சாகும் என்று அவர் முன்கூட்டியே சொன்னதாக மசாய்கள் கூறுகிறார்கள்.

1890-ஆம் ஆண்டை ஒட்டி பாட்டியனுக்கு முடிவு நெருங்கியது. அவருக்கு அடுத்த லைபான் யார்? மூத்த மகன் சென்டேயோ. அவர்தான் பெரிய மனைவியின் பிள்ளை. நாளை விடியற்காலையில் வா, லைபானுக்குரிய பொருள்களைத் தருகிறேன் என்று தகப்பனார் அவரிடம் சொல்லிவிட்டார்.

கன்றுக் கொட்டிலில் மறைந்திருந்த லெனானா இதைக் கேட்டுவிட்டார். மறுநாள் இருட்டு விலகுவதற்கு முன்பே எழுந்தார். அண்ணன் வருவதற்குள் தகப்பனாரின் குடிசைக்குள் போய், வந்துவிட்டேன் அப்பா என்று நின்றார். கிழவருக்கு ஒரு கண்தான். அதிலும் பார்வை மங்கல். நிற்பது மூத்தவன் என்றே நினைத்து, இரும்புத் தடி, மருந்துக் கொம்பு, குறி பார்க்கும் கற்கள் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆசியும் கூறினார்.

சிறிது நேரம் கழித்து அண்ணன் வந்தார். விஷயம் தெரிந்தது. ஆத்திரம் பொங்கியது. தம்பிக்குக் கீழே இருக்க மாட்டேன், அவனைக் கொல்லும் வரை போர் என்று சபதம் செய்துவிட்டு வெளியேறினார்.

மசாய்கள் சொல்லும் கதை இது. கொட்டிலில் நடந்தது எதுவோ, பிறகு வந்த சண்டை மட்டும் நிஜம். பாதி ஜனங்கள் அண்ணன் பக்கம். பாதி தம்பி பக்கம். பத்து வருஷத்துக்கு மேல் ரத்தம் சிந்தியது.

வெக்கை நோய்

அந்தச் சமயம் பார்த்தா இன்னொரு இடி விழ வேண்டும்! வெக்கை நோய் வந்தது. வடகிழக்கு ஆப்பிரிக்காவில் 1887-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய அந்த நோய் காட்டுத் தீ போல் தெற்கே பரவி மசாய் நாட்டுக்குள் புகுந்தது. மாட்டின் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாய் புண்ணாகும். கழிச்சல் போகும். சில நாட்களில் மாடு விழும். இப்படிப் பெரும்பாலான மாடுகள் செத்தன. எருமை, எலாண்ட், வில்டபீஸ்ட், ஒட்டகச்சிவிங்கி ஆகியவையும் கூடவே செத்தன. கழுகுகளே தின்று தீராத அளவுக்குப் பிணங்கள்.

மாடு போனால் மசாய்க்கு எது உணவு? பஞ்சம் வந்தது. பஞ்சத்தின் பின்னாலேயே பெரியம்மை வந்தது. தாய்மார்கள் பிள்ளைகளைப் பக்கத்துக் கிக்குயூ விவசாயிகளிடம் விட்டு, பதிலுக்குத் தானியம் வாங்கினார்கள். எதிரி என்று எந்த இனத்தைத் தாக்கினார்களோ அதே இனத்தின் வாசலில் போய் நின்றார்கள்.

சென்டேயோ தெற்கே ஜெர்மானியர் ஆண்ட பகுதிக்குப் போனார். லெனானா இந்தப் பக்கம் நின்றார். அப்போதுதான் கிழக்குக் கடற்கரையிலிருந்து ஆங்கிலேயர்கள் உள்நாட்டுக்குள் வந்து கோட்டைகள் கட்டிக் கொண்டிருந்தார்கள்.

வெள்ளைக்காரர் நட்பு

லெனானா ஆங்கிலேயருடன் நட்பாகப் போக முடிவு செய்தார். இதைச் சிலர் புத்திசாலித்தனம் என்கிறார்கள். சிலர் துரோகம் என்கிறார்கள். அவர் நிலைமையில் இருந்து பார்க்க வேண்டும். ஜனங்கள் பட்டினி. மந்தை அழிந்து விட்டது. அண்ணன் கழுத்துக்குக் கத்தி வைத்திருக்கிறார். ஆங்கிலேயருக்கோ நாட்டைப் பிடிக்க ஆள் தேவை. மசாய் வாலிபர்கள் ஆங்கிலேயருடன் சேர்ந்து மற்ற இனத்தார் மீது படையெடுத்துப் போனார்கள். கூலி, பிடித்த மாடுகளில் ஒரு பங்கு. இப்படியே மந்தைகள் மறுபடி பெருகின. அடிபட்ட இனங்கள் அதை மறக்கவில்லை.

1902-ல் அண்ணன் சென்டேயோ தோற்று, தம்பியிடமே வந்து சேர்ந்தார். சமாதானம் ஆயிற்று. கொல்லும் வரை போர் என்று புறப்பட்டவர் தம்பியின் ஆதரவில் தங்கினார். லெனானா அவரை ஏற்றுக்கொண்டது பெருந்தன்மைதான்.

ஆங்கிலேய சர்க்கார் லெனானாவை மசாய்கள் எல்லோருக்கும் தலைமைத் தலைவர் என்று அறிவித்தது. வினை இங்கேதான் வந்தது. மசாய்களுக்கு அப்படி ஒரு பதவியே கிடையாது. குறி சொல்லும் லைபானை ராஜாவாக வைத்துப் பேசினால் சர்க்காருக்கு வேலை சுலபம். ஒரே ஆளிடம் பேசலாம். ஒரே ஆளிடம் ஒப்பம் வாங்கலாம்.

இதற்குள் மொம்பாசா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி வரை ரயில் பாதை போட்டாகிவிட்டது. 1896-ல் தொடங்கி 1901-ல் ஏரியைத் தொட்டது. பாதை போட இந்தியாவிலிருந்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் கப்பலில் போனார்கள். வழியில் மசாய்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் குளிர்ந்த ஓடை ஒன்று இருந்தது. அங்கே 1899-ல் ரயில்வே கூடாரம் அடித்தது. அந்தக் கூடாரம்தான் வளர்ந்து நைரோபி நகரம் ஆயிற்று.

ரயில் வந்தாயிற்று, அதற்குச் சரக்கு வேண்டாமா? வெள்ளைக்கார விவசாயிகளைக் குடியேற்ற சர்க்கார் தீர்மானித்தது. ரயில் பாதை ஓரத்துப் பள்ளத்தாக்கு நல்ல புல், நல்ல தண்ணீர். டெலமியர் பிரபு என்ற ஒருவருக்கு மட்டும் ஒரு லட்சம் ஏக்கர் கொடுத்தார்கள். மேய்ச்சலுக்கு வேறு இடம் போன மந்தை திரும்பி வருவதற்குள், நிலம் காலியாகக் கிடக்கிறது என்று எழுதிவிட்டார்கள்.

1904 ஒப்பந்தம்

1904-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒப்பந்தம் எழுதப்பட்டது. மசாய்கள் பள்ளத்தாக்கை விட்டுப் போக வேண்டும். பதிலாக இரண்டு ஒதுக்கு நிலங்கள். ஒன்று வடக்கே லைக்கிப்பியா மேட்டு நிலம். மற்றது ரயில் பாதைக்குத் தெற்கே. இரண்டுக்கும் நடுவே அரை மைல் அகலத்தில் பாதை விடப்படும். சடங்கு செய்ய ஐந்து சதுர மைல் இடம் தனியாகக் கொடுக்கப்படும். மசாய் இனம் உலகில் உள்ளவரை இந்த நிலங்கள் அவர்களுடையவை என்றும் எழுதினார்கள்.

லெனானாவுக்கு எழுதத் தெரியாது. தன் குறியைப் போட்டார். மற்றத் தலைவர்களும் குறி போட்டார்கள். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வடக்கே போனார்கள். லெனானா தெற்கே, என்கோங் குன்றுகளின் பக்கம் தங்கினார்.

உலகம் உள்ளவரை என்ற வாக்கு ஏழு வருஷம் நின்றது.

லைக்கிப்பியாவின் புல்லும் குளிர்ந்த காற்றும் வெள்ளைக்காரர் கண்ணை உறுத்தின. அந்த நிலத்தையும் காலி செய்து எல்லா மசாய்களையும் தெற்கே கொண்டு போக சர்க்கார் திட்டமிட்டது. வடக்கத்தி மசாய்களின் தலைவர் ஒலே கிலிஷோ மறுத்தார். பிரிந்து கிடக்கும் ஜனங்கள் ஓரிடத்தில் சேரட்டும் என்று லெனானா விரும்பியதாகத் தெரிகிறது. சேர்ந்தால் தன் செல்வாக்குக்குக் கீழே வருவார்கள் என்ற எண்ணமும் அவருக்கு இருந்திருக்கலாம்.

1911 மார்ச்சில் லெனானா இறந்தார். சாகும்போது அவர் என்ன சொன்னார் என்பதில்தான் சண்டை. வடக்கத்தி ஜனங்கள் சர்க்கார் சொல் கேட்டுத் தெற்கே வர வேண்டும் என்பதே அவருடைய கடைசி வேண்டுகோள் என்று சர்க்கார் அறிவித்தது. மசாய்களில் பலர் அதை நம்பவில்லை. செத்தவர் எழுந்து வந்து சாட்சி சொல்லப் போகிறாரா! அடுத்த மாதமே இரண்டாவது ஒப்பந்தம் தயார். லெனானாவின் இளம் மகன் செகியைத் தலைவர் என்று வைத்து அதில் குறி வாங்கினார்கள்.

செல்லாத வழக்கு

ஜனங்களும் லட்சக் கணக்கான ஆடு மாடுகளும் மாவ் மலையைத் தாண்டித் தெற்கே நடந்தார்கள். குளிரும் மழையும் தாங்காமல் வழியில் பலர் இறந்தார்கள். மாடுகள் விழுந்தன. முதல் பிரயாணத்தைப் பாதியில் நிறுத்தி, பிறகு மீண்டும் தொடங்கி 1913-ல் முடித்தார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் தண்ணீர் குறைவு. உண்ணியும் நோய் பரப்பும் ஈயும் அதிகம்.

ஒலே கிலிஷோ பக்கத்தார் ஈட்டியை எடுக்கவில்லை. வக்கீல் வைத்து கோர்ட்டுக்குப் போனார்கள். கறுப்பு மனிதர் வெள்ளை சர்க்கார் மீது வழக்குப் போடுவது அந்தக் காலத்தில் அதிசயம். 1913-ல் தீர்ப்பு வந்தது. மசாய்கள் ஆங்கிலேயப் பிரஜைகள் அல்ல. ஒப்பந்தம் இரண்டு நாடுகளுக்கு நடுவே நடந்தது. ஆகையால் அதை விசாரிக்க கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை! வரி வாங்கும்போது பிரஜை. வழக்குப் போட்டால் அந்நியன்.

இரண்டு ஒப்பந்தங்களிலும் சேர்த்து மசாய்கள் தங்கள் பழைய நிலத்தில் பாதிக்கு மேல் இழந்தார்கள். மிஞ்சியது தெற்கு நிலம் ஒன்றுதான். வெள்ளைக்கார விவசாயி ஆசைப்படாத வறண்ட புல்வெளி அது.

வேட்டைக்காரன் தொடாத நிலம்

வெள்ளைக்காரர் பண்ணை போட்ட இடங்களில் வேலி வந்தது, துப்பாக்கி வந்தது. பயிரை அழிக்கிறது என்று வரிக்குதிரையைச் சுட்டார்கள். பொழுதுபோக்குக்குச் சிங்கத்தைச் சுட்டார்கள். லெனானாவின் ஜனங்கள் ஒதுங்கிய தெற்கிலோ மிருகங்கள் பழையபடியே மாட்டுக்குப் பக்கத்தில் மேய்ந்தன.

அதனால் பின்னால் வந்த சர்க்கார்களின் கண் மறுபடியும் அங்கேயே விழுந்தது. நைரோபிக்குப் பக்கத்தில் 1946-ல் முதல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். மாராவும் அம்போசெலியும் மிருகங்களுக்கான ஒதுக்கிடங்கள் ஆயின. 1961-ல் அவற்றை உள்ளூர் மசாய் ஜில்லா சபைகளிடம் ஒப்படைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வந்த பணம் சபையோடு நின்றது. மாடு மேய்த்தவன் கைக்கு வரவில்லை.

1963-ல் கென்யா சுதந்திரம் பெற்றது. 1974-ல் அம்போசெலியின் நடுப்பகுதி, சுமார் 150 சதுர மைல், தேசியப் பூங்கா ஆயிற்று. மாடுகள் உள்ளே போகக் கூடாது. உள்ளேதானே சதுப்பு நிலம் இருக்கிறது! கிளிமாஞ்சாரோ மலையிலிருந்து பூமிக்கு அடியில் ஓடி வரும் தண்ணீர் ஊறும் இடம் அது. வறட்சிக்கென்று தாத்தா காலத்திலிருந்து விட்டு வைத்த இடம். பதிலுக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் தருவதாகச் சொன்னார்கள். போட்டார்கள், சில வருஷத்தில் அது கெட்டுப் போயிற்று. ஆத்திரத்தில் மசாய் வாலிபர்கள் காண்டாமிருகத்தையும் சிங்கத்தையும் ஈட்டியால் குத்தினார்கள். மிருகத்தின் மீது கோபம் இல்லை. மிருகம் இருப்பதால்தானே நிலம் போகிறது என்ற கோபம்.

சர்க்காருக்கு மெல்லத்தான் புத்தி வந்தது. கென்யாவின் காட்டு மிருகங்களில் பாதிக்கு மேல் பூங்காக்களுக்கு வெளியே, ஜனங்களின் நிலத்தில் வாழ்கின்றன. ஜனங்கள் வேண்டாம் என்றால் மிருகம் இல்லை.

மேய்ப்பவரே காவலர்

1996-ல் அம்போசெலிக்குப் பக்கத்தில் கிமானா என்ற இடத்து மசாய்கள் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியைத் தாங்களே மிருகங்களுக்காக ஒதுக்கினார்கள். வடக்கே லைக்கிப்பியாவில், 1911 ஒப்பந்தம் காலி செய்யச் சொன்ன அதே மேட்டு நிலத்தின் ஓரத்தில், இல் இங்வேசி என்ற மசாய்ப் பிரிவினர் அதே ஆண்டில் பயணிகளுக்கு விடுதி கட்டினார்கள். விடுதி ஊருக்குச் சொந்தம். வருமானம் பள்ளிக்கூடத்துக்கும் மருந்துக்கும் போகிறது.

மாராவைச் சுற்றி 2005-க்குப் பிறகு இன்னொரு முறை வந்தது. அங்கே பொது நிலத்தைக் குடும்பத்துக்குக் குடும்பம் பட்டாப் போட்டுப் பிரித்திருந்தார்கள். ஆளுக்கொரு வேலி போட்டால் வில்டபீஸ்ட் கூட்டம் எப்படி நகரும்? மாடுதான் எப்படி நகரும்? ஆகவே நூற்றுக் கணக்கான குடும்பங்கள் பட்டா நிலங்களை ஒன்றாகச் சேர்த்து வேலியில்லாமல் வைத்தார்கள். 2005-ல் ஓல் கின்யேய், 2006-ல் ஒலாரே ஓரோக், 2010-ல் நபோய்ஷோ என்று அவை வரிசையாகத் தோன்றின. விடுதிக்காரர்கள் ஏக்கர் கணக்கில் குத்தகைப் பணம் தருகிறார்கள். மிருகம் வந்தாலும் வராவிட்டாலும் பணம் நிலக்காரர் கணக்குக்குப் போய்விடும். எந்தப் பகுதியில் எந்த மாதம் மாடு மேயலாம் என்று கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். லெனானா காலத்துப் பெரியவர்கள் மரத்தடியில் பேசியதைத்தான் பேரப்பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

அம்போசெலிப் பக்கம் சிங்கத்தைக் குத்தப் போகும் வாலிபர்களே சம்பளம் வாங்கும் சிங்கக் காவலர்கள் ஆனார்கள். சிங்கத்தின் காலடித் தடம் பார்ப்பதில் அவர்களை யார் மிஞ்ச முடியும்? சிங்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மாடு மேய்ப்பவர்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்கிறார்கள். வீரத்தைக் காட்ட வேறு வழி வேண்டுமே! 2012-ல் அங்கே ஓட்டம், ஈட்டி எறிதல், உயரத் தாண்டுதல் என்று விளையாட்டுப் போட்டி தொடங்கினார்கள். வென்றவருக்கு மாடும் பரிசு உண்டு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருப்பதால் குத்தகைப் பணமும் ஆண்கள் கைக்கே போகிறது. பால் கறப்பதும் குடிசை கட்டுவதும் பெண்கள்தான். 2020-ல் கொரோனா வந்து பயணிகள் நின்றபோது பல இடங்களில் குத்தகைப் பணம் குறைந்தது. 2022-ல் கடும் வறட்சி. அந்த ஆண்டு பிப்ரவரி முதல் அக்டோபர் வரை கென்யாவில் 205 யானைகளும் 512 வில்டபீஸ்ட்களும் செத்ததாக சர்க்கார் கணக்குச் சொன்னது. மசாய்களின் மாடுகளும் ஆயிரக் கணக்கில் விழுந்தன. கடன்பட்ட சிலர் பட்டா நிலத்தை வெளியாருக்கு விற்கிறார்கள். விற்ற நிலத்தில் வேலி எழும்புகிறது.

மாராப் பக்கத்துக் குத்தகைகளை 15 வருஷம், 25 வருஷம் என்று எழுதுகிறார்கள். உலகம் உள்ளவரை என்று யாரும் எழுதுவதில்லை. எந்தத் தேதிக்குள் எவ்வளவு பணம், கெடு முடிந்தால் நிலம் யாருக்கு என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, லெனானாவின் இனத்தார் அதில் கையெழுத்துப் போடுகிறார்கள்.